லேப்டாப்பின் மேல் வைத்த குழவிக்கல்

நாய் முதலில் இடத்தை மாற்றிக்கொண்டது. எனக்குப் புரியாமல் போனதெல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

பதினோரு வயதான நாட்டு நாய். செம்பட்டை நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை. பெட்டைதான். தனியாகப் பெயர் எதுவும் வைக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் கண்ணு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பின்னங்காலில் வாதம் வந்த பிறகு கண்ணுவுக்குத் தரையின் குளிர்ச்சி ஆகவில்லை. கம்ப்யூட்டர் அறையில் மேஜைக்கு அடியில், கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து சூடான காற்று வருகிற பக்கம் முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொள்ளும். ஐந்தாறு வருஷமாக அதுதான் அதன் இடம். அங்கே ஒரு பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், அது சமையலறை வாசலில் வெறும் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடக்கிறது.

"என்ன கண்ணு, உன்ற மெத்தை கசந்துபோச்சா?" என்றேன். வாலை ஒரு தட்டுத் தட்டியது. எழவில்லை.

அந்த அறையில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவர் துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேல் வெகுகாலம் டைப்பிங் கடை வைத்திருந்தவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, தாலுகா ஆபீசுக்கு மனு எல்லாம் அடித்துக் கொடுப்பார். எல்லாரும் செல்போனிலேயே பத்திரிகை அனுப்பத் தொடங்கியதும் கடையைக் காலி செய்தோம். மிஷின்கள் வீட்டுக்கு வந்தன. மூன்று பெரிய பெட்டி, ஒரு லேப்டாப். ஒன்று கிளம்பி முடிப்பதற்குள் நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிடலாம். இன்னொன்று கிணற்று மோட்டாரைப் போல இரையும். லேப்டாப்பிலிருந்து சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே செத்துவிடும். அதனால் இரவும் பகலும் வயரோடேயே கிடக்கும். தூக்கிப் போடலாமே என்று யார் சொன்னாலும், "ஓடற மிஷினை ஏனுங்க போடோணும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, அவர் வெள்ளகோவிலுக்குப் போயிருந்தார். அங்கே அவருடைய தங்கச்சி வீட்டில் புதுமனை புகுவிழா. நாயைத் தனியே விட முடியாதென்று நான் தங்கிவிட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"அம்மணி, லேப்டாப்பைத் தொட்டுப்போடாத. அது என்னமோ ஒருமாதிரியா இருக்குது. வந்து பாத்துக்கறேன்."

"ஒருமாதிரின்னா என்னங்க?"

"உனக்குத் தெரியாது, உடு."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் இந்த வீட்டில் என் கைக்குப் படியாத சாமான் ஒன்று கிடையாது. மிக்ஸியைப் பிரித்துத் துடைத்து மாட்டுவேன். கிரைண்டர் பெல்ட்டை நானே மாற்றுவேன். நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளைப் பார்த்து உனக்குத் தெரியாது என்றால் எப்படி இருக்கும்? பஸ் போன பிறகும் அந்தச் சொல் என் காதிலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை நாய் இடம் மாறியதும், மேஜைக்கு அடியில் பல்லியோ எலியோ செத்துக் கிடக்கிறதோ என்று அந்த அறைக்குப் போனேன். அடியில் ஒன்றுமில்லை. மேலே பார்த்தால், லேப்டாப்பின் வயிறு பூரி மாதிரி உப்பியிருந்தது. கை வைக்கிற இடம் மேடாக எழும்பி, மூடி சரியாகச் சாத்தாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் உப்பு நார்த்தங்காய் போட்டால் மேலே பாரம் வைப்போம். வற்றல் நெளிந்தால் பாரம். வெயிலில் கிடந்து வளைந்த முறத்துக்கும் பாரம்தான். அம்மியை விட்டு மிக்ஸிக்கு மாறி எத்தனையோ வருஷமாகியும் குழவிக்கல்லை நான் வைத்திருப்பதே அதற்காகத்தான். மூடியைச் சாத்தி, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டு, இரண்டு கையாலும் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். மெல்ல ஒரு சத்தம் கேட்டது, முறுக்கு உடைகிற மாதிரி. மூடி அழகாகப் படிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்றிருந்தது.

வாசற்படியில் கண்ணு நின்றிருந்தது. உள்ளே வரவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி, மூக்கைச் சுளித்துச் சுளித்து மோந்தது. பிறகு என்னைப் பார்த்துக் குரலே இல்லாமல் வாயை ஒருதரம் திறந்து மூடியது.

புதன்கிழமை அந்த அறையில் ஒரு வாசம் வந்தது. கெட்ட நாற்றம் என்று சொல்ல முடியாது. பலாப்பழம் கனிந்து அழுகப் போகும்போது ஒரு தித்திப்பு வருமே, அந்த மாதிரி. நகத்துக்குப் பூசுகிற சாயத்தின் நெடியும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. ஃபினாயில் ஊற்றித் துடைத்தேன். ஊதுபத்தி ஏற்றினேன். அந்த லேப்டாப்புக்கு ஒரு முழத் தூரத்தில்தான் ஊதுபத்தியைச் செருகி வைத்தேன். கண்ணு அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. நான் அந்த அறைப் பக்கம் நடந்தபோதெல்லாம் குறுக்கே வந்து நின்றது. ஒருதரம் சேலைத் தலைப்பைப் பல்லால் பிடித்து இழுத்தது. "வயசானா உனக்கும் கெரகம் புடிச்சுக்குமா?" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். பதினோரு வருஷத்தில் நான் அதை அடித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பொழுதோடு அவர் போன் செய்தார்.

"கண்ணு என்ன பண்ணுது?"

"நல்லா இருக்குதுங்க. என்னமோ இடத்த மாத்திப் படுக்குது."

"லேப்டாப்ப ஒன்னும் பண்ணலயே?"

"நான் ஏனுங்க அதத் தொடறேன்? எனக்குத்தான் ஒன்னுந் தெரியாதே."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு வளைகாப்புக்கு அழைக்க வந்தாள். மருமகளுக்கு ஏழாம் மாதம். நாயென்றால் அந்தப் பெண்ணுக்குப் பயம். காலையிலிருந்தே கண்ணு நிலைகொள்ளாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்ததால், வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். வெளியே கட்டலாம் என்றால் நல்ல வெயில். அதன் பழைய இடம்தானே, ஜமுக்காளமும் அங்கேயே கிடக்கிறது, சித்த நேரம் படுத்துக்கொள்ளட்டும் என்று கழுத்துப் பட்டையைப் பிடித்து கம்ப்யூட்டர் அறைக்கு இழுத்தேன். நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டது. வாதம் பிடித்த காலுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தூக்கித்தான் உள்ளே விட்டேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"மாமா இல்லாம ஊடே வெறிச்சுன்னு இருக்குதுங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டம்மா.

"இருந்தா மட்டும்? அந்த ரூம்புல நாலு பொண்டாட்டி அவருக்கு. நான் அஞ்சாவது."

"நாலும் கெழவிங்களாமே!"

"கெழவியானாத்தான் மவுசு அவருக்கு. என்னை மட்டும் விதிவிலக்கா வெச்சிருக்கறாரு."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே கண்ணு குரைத்தது, கதவைப் பிறாண்டியது.

"பாவமுங்க, தொறந்து உட்ருங்க. நான் கால மேல வெச்சுக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

"நீ காப்பியக் குடி அம்மணி. ரெண்டு நிமிசம் கத்தும், அப்புறம் படுத்துக்கும்."

சொன்னபடியே சத்தம் குறைந்தது. பிறாண்டல் மெதுவாகி, பிறகு அதுவும் நின்றது.

"நான் சொல்லலீங்களா?" என்றேன்.

என் டம்ளரில் பாதிக் காப்பி இருந்தது. உள்ளே குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சீறல். தொடர்ந்து படீரென்று ஒரு சத்தம். கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக எங்கள் காலடிக்கு வந்தது.

தாழ்ப்பாளை எடுத்துத் தள்ளினேன். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு; திறக்கவில்லை. பின்னால் ஏதோ கனமாகத் தடுத்தது. அந்தக் கனம் என்னவென்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு சாண் இடைவெளி கிடைத்ததும் கையை விட்டுக் கழுத்துப் பட்டையைத் துழாவிப் பிடித்து இழுத்தேன். பக்கத்து வீட்டம்மா மருமகளைத் தெருவுக்கு விரட்டிவிட்டு மெயினை அணைத்தாள். பூந்தொட்டிகளைத் தூக்கி வந்து மண்ணோடு மேஜை மேல் கொட்டினாள். ஜன்னல் திரை எரிந்து விழுந்தது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. முற்றத்தில் கண்ணுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாக்கு நீலமாகத் தொங்கியது. மூக்கின் மேல் தரைத் தூசி. கதவடிச் சந்தில் கடைசி வரை மூக்கை வைத்து அழுத்தியிருக்கிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ.

மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "பொகை நெஞ்சுக்குள்ள போயிருச்சுங்கம்மா. ரெண்டு நாள் தாண்டட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வந்து சேர்ந்தார். முதலில் நாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். வெளியே வந்தபோது கரி படிந்த குழவிக்கல் அவர் கையில் இருந்தது.

"உப்புன பேட்டரி மேல இது எப்படிம்மணி போச்சு?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. பக்கத்தில் கண்ணு இருமியது. "நான்தானுங்க வெச்சேன். அமுங்கட்டும்னு வெச்சேன். நீங்க போன்ல கேட்டப்பவும் மறைச்சுப்போட்டேன். கதவைச் சாத்துனதும் நான்தான்."

வைவார் என்று காத்திருந்தேன். அவர் கல்லைக் கீழே வைத்துவிட்டு நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுக்குத் தெரிஞ்சிருக்குது. நம்ம ரெண்டு பேருத்துக்குந்தான் தெரியல" என்றார்.

அவர் வைதிருந்தால் தேவலை.

கண்ணு இரண்டு நாளைத் தாண்டிவிட்டது. மாதங்கள் ஆகின்றன. என் கையிலிருந்தே சாப்பிடுகிறது. சேலைத் தலைப்பின் மேல் தலை வைத்துப் படுக்கிறது. மூச்சில் மட்டும் ஒரு கீச்சுச் சத்தம் நிற்கவில்லை. ஆனால் நான் எந்தக் கதவின் மேல் கை வைத்தாலும், பூஜை அறைக் கதவானாலும், படுத்திருக்கிற இடத்திலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து தெருவுக்குப் போய் நின்றுகொள்கிறது. நான் போய்க் கூப்பிடும் வரை திரும்பி வருவதில்லை. அதனால் எங்கள் வீட்டில் இப்போது கதவுகளைச் சாத்துவதே கிடையாது. தெருவில் போகிறவர்கள் திருடன் பயமில்லையா என்று கேட்கிறார்கள். காற்றடித்து ஏதாவது ஒரு கதவு தானாக நகர்ந்தால், நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.