மைன்ஸ் மணலில் ஒரு நட்சத்திர மீன்

வேறொருவனாக இருந்தால் விருத்தாசலம் பக்கம் போய்க் கொளஞ்சியப்பர் கோவிலில் புகாரைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டிவிட்டு, மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று வீடு திரும்பியிருப்பான். அமிர்தநாதன் கிறிஸ்தவன், அந்த வசதி அவனுக்கு இல்லை. எட்டு வருடம் பழியைத் தன் கையிலேயே வைத்திருந்தான்.

அவனும் நானும் மைன்ஸில் ஒரே கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தோம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணலைச் சுமந்துபோய்க் கொட்டுகிற பெல்ட் அது. உருளைகளின் இடுக்கில் மணல் அடைத்துக்கொண்டால் பெல்ட்டை நிறுத்திவிட்டு, ஒருவன் மல்லாந்து அடியில் புகுந்து கையால் வாரி எடுக்க வேண்டும். தொண்ணூற்று நாலில் ஒருநாள் முதல் ஷிப்டில் அமிர்தநாதன் அப்படித்தான் கிடந்தான். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும்.

அந்நேரம் போர்மேன் தங்கராசு வந்தார். பெல்ட் நின்றதற்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தேய்ந்த உருளைகளை மாற்றுங்கள் என்று நாங்கள் மூன்று வாரமாகக் கெஞ்சியதைக் காதில் போட்டுக்கொள்ளாதவரும் அவர்தான். ரிப்போர்ட்டில் ஒரே வரி எழுதினார்: ஆபரேட்டர் பெல்ட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் சஸ்பெண்ட். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்தவனுக்கு ஷிப்ட் பஸ்ஸில் புதுப்பெயர் வைத்திருந்தோம்: தூங்குமூஞ்சி. "தலகாணி எடுத்தாந்தியாடா?" என்று கேட்காத நாள் கிடையாது. நானும் கேட்டேன், மறைப்பானேன். அவன் சிரிக்கவும் மாட்டான், சண்டைக்கு வரவும் மாட்டான்.

அந்த இரண்டு மாதமும் கடலூர் முதுநகரில் மனைவி லூசியம்மாளின் வீட்டில்தான் கிடந்தான். மச்சானுக்குப் படகு உண்டு. வலையை உதறும்போது மீனோடு வந்து விழும் நட்சத்திர மீனை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அமிர்தநாதன் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். மணலில் விட்டதும் ஐந்து கைகளாலும் மணலை விலக்கிக்கொண்டு அடியில் போய்விட்டது. பிடித்துப்போயிற்று. நான்கு கேன் கடல்நீரோடு அதைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் விட்டான்.

"எங்கப்பன் வூட்டுல காலால தள்ளுறத நடு வூட்டுல வெச்சிக்கினு கொஞ்சுறாரு பாரு" என்றாள் லூசியம்மாள்.

மைன்ஸ்காரனுக்கு எல்லா மணலும் மணல்தான். வேலையிடத்து மணலையே சலித்து, ஏழு தண்ணீரில் கழுவி, தொட்டியில் பரப்பினான். சர்க்கரை மாதிரி வெளுப்பு. நட்சத்திர மீன் அதற்குள் புகுந்து நாலு மாதத்தில் செத்தது. மச்சான்தான் விளக்கினான். மணலில் இருக்கும் பொடிப்புழுவும் குட்டிச்சிப்பியும்தான் அதற்குச் சாப்பாடு. நூறடி ஆழத்திலிருந்து வருகிற மணலில் ஒன்றும் இருக்காது. அடுத்ததற்கு அமிர்தநாதன் கடல் மணல் போட்டான். மீன் வேனில் மாதம் ஒரு பை ஈர மணல் வந்து இறங்கும். அது நன்றாக வாழ்ந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் தங்கராசுவுக்கு மாரடைப்பு வந்தது. மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அடங்கும் என்று யாரோ சொல்ல, நேராக அமிர்தநாதன் வீட்டுக்கே வந்தார். எழுதியது அவருக்கு மறந்திருக்கலாம். எழுதினவனுக்கு மறக்கும், பட்டவனுக்கு மறக்குமா?

"எனக்கும் இதுபோல ஒண்ணு வேணும் அமிர்தம். மணலு எங்க கெடைக்கும்?"

அமிர்தநாதன் ஒரு நொடிதான் யோசித்தான். "நம்ப மைன்ஸ் மணலுதாங்க சார். நானே கழுவித் தரேன்."

தொட்டியைத் தானே அமைத்து, மச்சானிடம் வாங்கிய ஒரு நட்சத்திர மீனையும் விட்டுக் கொடுத்தான். அதன் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்து தங்கராசு வீட்டுக்குப் போவான். மூன்றாம் மாதம் மீனுடைய கைகளின் நுனி கரைந்திருந்ததைப் பார்த்தான். வாய் திறக்காமல் காபி குடித்துவிட்டு வந்தான். அந்தக் காபி அவ்வளவு ருசி என்று பிற்பாடு என்னிடமே சொன்னான்.

நாலாம் மாதக் கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். "வா. ரிப்போர்ட்டுக்கு ஒரு சாட்சி வேணும்."

தங்கராசு மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் உற்சாகமாகத் தொட்டியைக் காட்டினார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு வாரமா மேலயே வரல. எப்பப் பாத்தாலும் தூங்கிக்கினே கெடக்குது."

இந்த வார்த்தைக்காகத்தான் அமிர்தநாதன் காத்திருந்தான் போலும். முகம் அப்படிப் பிரகாசமானது.

"தூங்கலங்க சார். கைய வுட்டு எடுத்துப் பாருங்க."

தங்கராசு மணலைத் துழாவினார். கையோடு வந்தது பாதிதான். மீதி மணலிலேயே பிய்ந்து கிடந்தது. வீச்சம் மூக்கைத் துளைத்தது.

"பட்டினிங்க சார்" என்றான் அமிர்தநாதன். "இந்த மணல்ல எர கெடையாது. நாலு மாசமா அடியில பூந்து தேடிக்கினு இருந்திச்சி. மேல இருந்து பாத்துட்டு நீங்க தூங்குதுன்னு சொல்லிட்டீங்க."

தங்கராசுவுக்கு விளங்க நேரம் பிடிக்கவில்லை. ஈரக்கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரிஞ்சேதான். நீங்க தெரிஞ்சி எழுதுனீங்களா, தெரியாம எழுதுனீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சேதான். உருள மாத்தாதது எம்மேல வந்துடும்னு எழுதிட்டேன்."

எட்டு வருடம் தலையணை கேட்ட என் வாய்க்கு நாலு அறை விழுந்த மாதிரி இருந்தது. அமிர்தநாதனுக்கோ கால் தரையில் பாவவில்லை. வழியெல்லாம் சிரித்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, ஒன்று விடாமல் மனைவியிடம் கொட்டினான்.

லூசியம்மாள் அப்போது ஊரிலிருந்து வந்த ஈர மணலைத் தொட்டியில் பரப்பிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டுமுடித்தாள்.

"அவரு எழுதுனாரு, சரி. அந்த ஜீவன் உங்க மேல இன்னா ரிப்போர்ட்டு எழுதிச்சி?"

அமிர்தநாதன் சிரிப்பு நின்றது. தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, உள்ளே எங்காவது மணல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதும் அவன் நிமிரவில்லை.