நோல்வியா வீட்டு விறகு

கணவனின் கம்பளிக் காலுறையை எடுத்து முகர்ந்து பார்த்தாள் எர்சிரா. புகை வாசம் இல்லை.

அவள் வீட்டில் அக்டோபர் மாதத்தில் புகை வாசம் ஏறாத பொருளே கிடையாது. தலையணை, ரொட்டி, பெட்டிக்குள் மடித்து வைத்த கல்யாணத் துணி, அவளுடைய தலைமுடி என்று எல்லாவற்றிலும் ஈர விறகு தன் அடையாளத்தை வைத்திருந்தது. இந்தக் காலுறை மட்டும் மொறுமொறுவென்று காய்ந்து வந்திருக்கிறது என்றால், அது வேறொரு அடுப்பின் மேல் தொங்கியிருக்கிறது.

"எங்க காயப்போட்ட?" என்று கேட்டாள்.

"படகுல" என்றான் எவரிஸ்தோ.

"படகுல மட்டும் மழ பெய்யலியா?"

அவன் தொப்பியைக் கழற்றி உதறினான். "நோல்வியா கோடாலிக்குப் புதுப் பிடி போடணும்னா. போட்டுக் குடுத்தேன். காலு நனஞ்சிருக்கே, கழட்டிப் போடுன்னா. போட்டேன். இதுக்கு ஒரு விசாரணையா?"

"சட்டையக் கழட்டுனேன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன். அது அஞ்சு நிமிஷத்துல காஞ்சிரும். கம்பளிக் காலுறை காய ரெண்டு மணி நேரம் ஆகும். ரெண்டு மணி நேரம் அங்க ஒக்காந்து என்ன பண்ணுன?"

"கதகதன்னு இருந்துச்சு" என்றான் எவரிஸ்தோ. அதைவிட மோசமான பதிலை அவன் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சிலியின் தெற்கே, சிலோயே தீவில், கில்கென் என்ற முப்பத்தைந்து வீட்டுக் கடலோரக் கிராமம் அது. அங்கே ஜனவரிதான் கோடை, ஜூலை குளிர்காலம். செப்டம்பர் பிறந்ததும் பள்ளிக்கூட நாட்காட்டியில் வசந்தம் என்று பூப்படம் வந்துவிடும். முள்புதர்கள் மஞ்சளாகப் பூக்கவும் செய்யும், மழையில் நனைந்துகொண்டே. ஆனால் குளிர் போகாது. மே மாதம் அடுக்கிய விறகில் நல்லதெல்லாம் எரிந்து முடிந்து, பூசணம் பிடித்த அடி வரிசைதான் மிஞ்சியிருக்கும். வெயில் வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். குளிர்காலத்தைக்கூட எப்படியோ ஓட்டிவிடுகிற வீடுகள் வசந்தத்தில்தான் இருமத் தொடங்கும்.

எர்சிரா பிறந்தது எதிரே இருந்த சின்னத் தீவில். ஐந்து பெண்களில் நான்காமவள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், அது மூத்தவளுக்கு. மற்ற நால்வரும் மரக்கட்டைச் செருப்போடு சேற்றில் நடந்து பள்ளிக்குப் போனார்கள். மூன்று பேர் அதை மறந்துவிட்டார்கள். எர்சிரா மறக்கவில்லை. அடுத்தவர் காலைப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது, ஐம்பத்திரண்டு வயதிலும் போகவில்லை. பத்தொன்பதில் எவரிஸ்தோவைக் கட்டிக்கொண்டு கில்கெனுக்கு வந்தாள். பன்றிக் கொழுப்பு வைத்து அவள் சுடும் மில்காவோ என்ற உருளைக்கிழங்கு அடைக்கு ஊரே மயங்கியது. முப்பது வருஷம் அவள் சமையலறையில் நாற்காலி காலியாக இருந்ததில்லை. அவளிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

தொடர்ந்து மூன்றாவது ஈர வசந்தம் அந்தச் சொத்தைப் பறித்துக்கொண்டது. புகையில் கண் எரிய யார் உட்காருவார்கள்? ஓடைக்கு அந்தப் பக்கம் நாற்பதடி தூரத்தில் நோல்வியா கார்கமோவின் வீடு இருந்தது. புகைக்குழாயில் புகையே தெரியாது. கண்ணாடி நடுங்குவதுபோல் சூடான காற்று மட்டும் நெளியும். பள்ளி ஆசிரியையின் கம்பளிச் சால்வை முதல் கைக்குழந்தைகளின் துணி வரை அந்த அடுப்பின் மேல் கட்டிய கம்பியில்தான் காய்ந்தன. இப்போது எவரிஸ்தோவின் காலுறையும்.

நோல்வியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷத்துக்கு முன் படகு கவிழ்ந்து கணவன் போனான். எர்சிராவின் மகளுக்கு அவள்தான் ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று அழைத்துக்கொள்வார்கள். அந்த உறவில் சண்டை போடக்கூடாது என்பது ஊர் வழக்கம். பொறாமைப்படக்கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஒரு நாள் கடையில் செல்மிரா பேச்சை ஆரம்பித்தாள். ஊர்ச் சிற்றாலயத்தில் செபம் நடத்துகிறவரின் மனைவி அவள்.

"எல்லார் வீட்டு வெறகும் ஊறிக் கெடக்கு. அவ வீட்டு வெறகுல மட்டும் தண்ணி படாதாமா? ஒத்தப் பொம்பளைக்கு யாரு தொண செய்யிறா?"

எர்சிராவுக்கு விடை தெரியும். ஜனவரி வெயிலில் நோல்வியா கோடாலி வீசியதைத் தன் ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறாள். வெட்டிய மாதமே பிளந்து, தரையில் படாமல் தட்டைக் கற்களின் மேல் பட்டை மேலே இருக்கும்படி அடுக்கி, கடல் காற்று குறுக்கே போக இடம் விட்டு, மேலே மட்டும் பலகை போட்டு, இரண்டு வருஷம் தொடாமல் விடுவாள் அவள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் இருக்கிறாள். எர்சிரா மட்டும் கேட்டதில்லை. எவரிஸ்தோ ஏப்ரலில் அவசரமாக வெட்டி, சுவரோடு சாய்த்து, பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கிப் போர்த்துவான். விறகு உள்ளேயே வியர்த்து அழுகும்.

இதையெல்லாம் சொல்ல எர்சிராவுக்கு ஒரு நிமிஷம் போதும். அவள் சொன்னது ஒரே சொல். "அதானே."

கில்கெனில் அதுவரை நான்கு பேரைச் சூனியம் வைப்பவர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேர் விதவைகள், ஒருவர் கால் ஊனமான கிழவர். ஒருத்தியிடம் நல்ல கறவை மாடு இருந்தது. ஒருத்தியின் நிலத்தில் வற்றாத ஊற்று இருந்தது. மற்ற இருவருக்கும் மேட்டு நிலம். வளர்ந்த நான்கு மகன்கள் உள்ள வீட்டில் ஒரு சூனியக்காரியும் இதுவரை அகப்படவில்லை. புருஷன் உள்ள வீட்டில் விறகு காய்ந்தால் கெட்டிக்காரத்தனம், விதவை வீட்டில் காய்ந்தால் பேய் வேலை. தேவாலயத்தில் முன் வரிசையில் முழங்காலிடும் கிராமம் இது.

செல்மிராவே வழியும் சொன்னாள். "கத்திரிக்கோல சிலுவ மாதிரி விரிச்சு நாற்காலியில வெச்சு அவள ஒக்கார வையி. சூனியக்காரின்னா எந்திரிக்க முடியாது. ஞாயித்துக்கெழம ஒன் வீட்டுல வெச்சுப் பாத்துருவோம். அடுத்த சனிக்கெழம அவ மிங்கா இருக்குல்ல, அதுக்குள்ள ஊருக்குத் தெரியணும்."

மிங்கா என்றால் ஊரே கூடி ஒருவர் வீட்டு வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுப்பது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. நோல்வியாவின் உருளைக்கிழங்கு நடவு அந்தச் சனிக்கிழமை. முளைவிட்ட விதைக்கிழங்கு இன்னொரு வாரம் தாங்காது. ஊர் வராவிட்டால் வீங்கிய மூட்டோடு அவள் தனியாகச் சேற்றில் இறங்க வேண்டும், இல்லையென்றால் அந்த வருஷம் கிழங்கு இல்லை. இது எர்சிராவுக்குத் தெரியும். தெரிந்துதான் ஞாயிறு மதியம் ஜன்னலோர நாற்காலியில் விரித்திருந்த ஆட்டுத்தோலுக்கு அடியில், துணி வெட்டும் கத்தரிக்கோலை விரித்து வைத்தாள். பிறகு கொழுப்பு எடுக்கக் கொட்டகைக்குப் போனாள்.

செல்மிரா முன்னதாகவே வந்துவிட்டாள். விருந்துக்கு அழைத்திருந்த நோல்வியா மூன்று மணிக்கு வந்தாள். நொண்டியபடி, கையில் லூமா என்ற கெட்டி மரத்தின் நான்கு துண்டு விறகோடு.

"அடுப்பு அழுதுக்கிட்டு இருக்கும்னு எடுத்தாந்தேன் கொமாத்ரே."

"எங்க வீட்டுலயும் வெறகு இருக்கு" என்றாள் எர்சிரா.

"இருக்கே, பாத்தேன். காளான் நல்லா மொளச்சிருக்கு. சூப்பு வெக்கலாம்."

செல்மிரா சிரித்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். எர்சிரா அந்த விறகை அடுப்பில் போட்டாள். கால் மணி நேரத்தில் இரும்புத் தட்டு சிவந்தது. ஜன்னலில் வழிந்த நீர் காய்ந்தது. புகை விலகிய அறையில் மில்காவோ வாசம் எழுந்தது. மூன்று வருஷத்தில் அவள் சமையலறை அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அதைச் செய்தது தன் விறகில்லை என்பது அவள் நெஞ்சில் ஒவ்வொரு தணலாக விழுந்தது.

நோல்வியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அடுப்போரம் எர்சிரா. உட்கார்ந்த ஆட்டுத்தோல் ஈரமாக இருந்தது. இந்த வீட்டில் எது ஈரமில்லை என்று விட்டுவிட்டாள். மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி, ஒரே குவளையை, ஒரே உறிஞ்சு குழாயை, மாற்றி மாற்றி மூவரும் குடித்தார்கள். கெண்டியில் நீர் நிரப்ப, அடை திருப்ப, விறகு தள்ள என்று எர்சிரா பத்துத் தடவையாவது எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

நான்கு மணிக்குச் செல்மிரா சால்வையைப் போர்த்தினாள். "நோல்வியா, கெளம்பலாமா? எந்திரி."

நோல்வியா கைப்பிடியைப் பற்றி உந்தினாள். பாதி எழுந்து, முகம் சுருங்கி, மறுபடி உட்கார்ந்தாள். இன்னொரு முறை முயன்றாள். முடியவில்லை.

"மூட்டு பிடிச்சுக்கிச்சு. இந்த ஈரம் என்னைக் கொன்னுரும் போல."

செல்மிராவின் கை நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவை போட்டது. அவள் கண் எர்சிராவைத் தேடியது.

அந்த ஒரு கணம் எர்சிராவுக்குத் தேனாக இனித்தது. நாளை முதல் ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். அவள் நாற்காலிகள் மறுபடி நிறையும். சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தொடையில் ஏதோ குத்தியது. தோலுக்கடியில் கைவிட்டாள். இரும்பு. விரிந்த இரண்டு அலகு.

நாற்காலிகள் நான்கும் எவரிஸ்தோ செய்தவை, ஒரே அச்சு, நான்கிலும் ஒரே மாதிரி ஆட்டுத்தோல். அவள் கொட்டகைக்குப் போன நேரத்தில் கூரை ஒழுகி ஜன்னலோரத் தோல் நனைந்திருக்கிறது. அவன் ஓட்டையை அடைத்துவிட்டு, தோல் காயட்டும் என்று நாற்காலியோடு அடுப்போரம் மாற்றிப் போட்டிருக்கிறான்.

அதை அவளைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். பேசாமல் இருந்தால் போதும். 'அதானே' அளவுகூடப் பேச வேண்டாம்.

"கொமாத்ரே, ஒரு கை குடேன்" என்றாள் நோல்வியா.

எர்சிரா அசையவில்லை. அவளை அசைத்தது இரக்கம் என்று சொன்னால் பொய்யாகும். அவளுக்குத் தோன்றியது இது: விறகு சூனியத்தில் காய்ந்தது என்றால், என் விறகு சாகும்வரை காயப்போவதில்லை. கல்லிலும் காற்றிலும் கோடாலியிலும் காய்ந்தது என்றால், இவளை நான் ஜெயிக்கலாம். சூனியக்காரியோடு யார் போட்டி போட முடியும்?

கத்தரிக்கோலை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள், விரித்தபடியே.

"இது எனக்கு அடியில இருந்துச்சு செல்மிராக்கா. நான் எத்தன தடவ எந்திரிச்சேன்னு நீங்க பாத்தீங்க."

செல்மிரா கத்தரிக்கோலைப் பார்த்தாள், நோல்வியாவைப் பார்த்தாள். "அவளுக்கு அடியிலதான வெக்கச் சொன்னேன்?"

"அவளுக்கு அடியில ஒண்ணுமில்ல. வேணா தடவிப் பாருங்க. மூட்டு வீங்கியிருக்கு, அதையும் பாருங்க."

செல்மிரா எதையும் தடவிப் பார்க்கவில்லை. கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

நோல்வியா ஒரு விரலால் கத்தரிக்கோலின் அலகைத் தொட்டாள். இருபத்தாறு வருஷ உறவு மேஜைமேல் விரிந்து கிடந்தது.

"இந்தக் கத்திரியால அந்தப் பிளாஸ்டிக்கக் கிழிச்சு எறிஞ்சிருக்கலாம்" என்றாள். "வெறகு மூச்சு விட்டிருக்கும்."

எர்சிரா அவளைத் தோளில் தாங்கி எழுப்பினாள். ஓடைப் பலகையைத் தாண்டும்போது நோல்வியாவின் தலைமுடி கன்னத்தில் உரசியது. அதில் சோப்பு வாசம்தான் இருந்தது. அப்போதும் எர்சிராவுக்கு வயிறு எரிந்தது.

வாசலில் நோல்வியா கையை விடுவித்துக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சனிக்கெழம வரேன்" என்றாள் எர்சிரா.

"வா. வர்றவங்களுக்குச் சாப்பாடு உண்டு."

சனிக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். வழக்கமாக முப்பது பேர் வருவார்கள். செல்மிரா வரவில்லை, அவள் கணவன் தலைகுனிந்து வந்து நின்றான். எர்சிரா கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னாள், தன் 'அதானே'யையும் விடாமல். மாலைவரை சேற்றில் குனிந்து கிழங்கு நட்டாள். நோல்வியா அவளுக்கும் மற்றவர்களுக்குப் போல ஒரு தட்டு வைத்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொமாத்ரே என்று கூப்பிடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே எர்சிரா நோல்வியாவின் விறகு வரிசைகளை எண்ணினாள். பதினொன்று.

ஜனவரியில் எவரிஸ்தோவைக் கடலுக்குப் போகவிடவில்லை. கடற்கரையிலிருந்து தட்டைக் கல் சுமக்க வைத்தாள், பிளக்க வைத்தாள், பட்டையை மேலே திருப்பி அடுக்க வைத்தாள். இந்த விறகு எரிய இன்னும் இரண்டு வசந்தம் போக வேண்டும். அதுவரை அவள் வீட்டுக் காலுறைகளில் புகைதான் மணக்கும்.

பதினோராவது வரிசை முடிந்ததும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "போதும்டி. நோல்வியா வீட்டுலயே பதினொண்ணுதான் இருக்கு."

எர்சிரா ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். நோல்வியா வாசலில் நின்று இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு" என்றாள் எர்சிரா.