இரண்டு உலகத்துப் பறக்கும் பெண்

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. அதனால் அவ்வப்போது திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இந்தச் சந்தேக புத்தியை எனக்கு வரவழைத்தவள் இவளுடைய அம்மா, அதாவது என் மகள்.

மாவட்டம் பிரிந்து வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்த புதிது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ரூம்களைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஊருக்குப் போகும்போது அவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். பாதி சோப்பு, கொசுவலை, ஒற்றைச் செருப்பு. இன்னொரு காலுக்கு எதைப் போட்டுக்கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அப்படி ஒரு வெள்ளைக்காரி காலி செய்த ரூமில் ஒரு கட்டு படக்கதைப் புத்தகம் கிடைத்தது. எல்லாம் இங்கிலீஷ். எல்லா அட்டையிலும் ஒரே பெண், நீல அங்கியும் முழங்கால் வரைக்கும் வெள்ளை பூட்ஸுமாக ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தாள். பழைய பேப்பர் கடையில் போடலாம் என்று எடுத்து வந்தேன். மகள் விடவில்லை.

அவள் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்ஸ் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலையில் இருக்கும் என் அண்ணனோ தன் மகனுக்கு அவளைக் கேட்டான். மாமன் மகன், முறைதான். கார்த்திகை தீபம் முடிந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எங்களைத் தாங்கியவன் அண்ணன்தான். நான் தலையாட்டிவிட்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

எந்நேரமும் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தானாகச் சிரித்தாள். யாரோ பையன் உள்ளே சீட்டு வைத்துக் கொடுக்கிறானோ என்று, அவள் குளிக்கப் போனபோது ஒவ்வொன்றாகத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட்தான் விழுந்தது.

சாயங்காலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். "அப்படி இன்னாதான் கீது அதுல? எனக்கும் படி."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மொத உலகத்துல இவளுக்குப் பதினெட்டு வயசுலயே மாமா பையனோட கல்யாணம் ஆயிடுச்சும்மா. அதோட பறக்க முடியல. அந்த உலகமே வெடிச்சிடுச்சு. இவ மட்டும் தப்பிச்சு இன்னொரு உலகத்துக்கு வந்துட்டா. அங்கயும் இதே ஊரு, இதே தெரு. ஆனா கல்யாணம் ஆவல. அதான் பறக்கறா."

"கல்யாணம் ஆனா உலகம் ஏண்டி வெடிக்குது?"

"கதை அப்படிம்மா."

"கழுத்துல ஒண்ணும் காணோம். மாப்பிள்ளையும் காணோம்."

"அவங்க ஊர்ல தாலி இல்ல."

பதில் ரொம்பச் சுருக்காக வந்தது. அரிசியை ஒதுக்கி வைத்தேன். அந்தப் புத்தகத்தில் பேசுகிறவர்கள் வாயிலிருந்து ஒரு வெள்ளை முட்டை கிளம்பும், எழுத்தெல்லாம் அதற்குள் இருக்கும். எனக்கு எழுத்து தெரியாவிட்டால் என்ன, முட்டை தெரியாதா? துளியூண்டு முட்டைக்கு இவள் மூச்சு விடாமல் பேசினாள். பெரிய பெரிய முட்டைகள் இருந்த ஒரு பக்கத்தைப் படிக்காமலே தள்ளினாள்.

"நில்லு. அந்தப் பக்கத்தைக் காட்டு."

"அதுல ஒண்ணுமில்லம்மா. சண்டை."

"சண்டைக்கு எதுக்கு இம்மாம் பேச்சு, இம்மாம் பெரிய முட்டை? கதவைப் புடிச்சிட்டு நிக்குதே ஒரு பொம்பள, அவ யாரு?"

பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். "இவளோட அம்மா. இந்த உலகத்து அம்மா."

"இன்னா சொல்றா?"

"'என் பொண்ணு உள்ள இருக்கா, சொன்ன பேச்சு கேக்கறவ. நீ யாரோ வேஷம் போட்டுட்டு வந்திருக்க'னு சொல்றா."

"அதுக்கு இவ?"

"ஒண்ணும் சொல்லல. பாரு, இவளுக்கு நீ சொல்ற முட்டையே இல்ல."

"அப்ப கல்யாணம்?"

"கல்யாணமே இல்லம்மா. நானா சேத்துச் சொன்னது."

பிறகு நிஜக் கதையைப் படித்தாள். உலகத்தை வெடிக்க வைத்தது ஒரு கெட்டவன். இந்த உலகத்தில் இவளை அச்சாக உரித்த இன்னொருத்தி ஏற்கெனவே இருந்தாள். அதனால் தப்பி வந்தவளைப் போலீஸும் நம்பவில்லை, எதிர்வீட்டுக்காரனும் நம்பவில்லை. நானே நம்பியிருக்க மாட்டேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு கூரை மேல் வந்து இறங்குகிறவளை யார் உள்ளே விடுவார்கள்? ஆனாலும் அந்தக் கதவுப் படம் இருந்த பக்கத்தை என்னால் திருப்ப முடியவில்லை.

"உனக்கு மாமா பையன் வேணாமா?"

"வேணாம்மா. நர்ஸ் படிக்கணும்."

"வேற எவனாச்சும்?"

"இல்ல."

அதையும் உடனே நம்பிவிடவில்லை. அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ரேஷன் கடைக்குப் போனாள், லைப்ரரிக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

தீபம் முடிந்து அண்ணன் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணா, அவளுக்கு இஷ்டம் இல்ல."

"எவன்கிட்ட மாட்டிக்கிச்சு?"

"எவனும் இல்ல. நான் பின்னாடியே போய்ப் பாத்துட்டேன்."

"ரூம் பெருக்கிப் பெருக்கி உனக்கு வெள்ளைக்காரி புத்தி ஜாஸ்தியாயிடுச்சு. நீ சொல்லும்மா," என்று மகள் பக்கம் திரும்பினான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அவளை ஏண்ணா கேக்கற? எம் பொண்ணு. இது என் பேச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் கொடுத்த காபி அப்படியே இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. கரும்பு கிடக்கட்டும், மஞ்சள் கொத்துகூட வரவில்லை. பிறந்த வீடு இல்லாதவள் மாதிரி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். காணும் பொங்கலன்று வயர்கூடையில் புது அரிசி, வெல்லம், மஞ்சள், அண்ணிக்கு ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு நடந்தேன்.

அண்ணன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "பொறந்த வூட்லேர்ந்துதான் சீர் வரும். நீ இன்னா தலைகீழா எடுத்துட்டு வர?"

"நீ எடுத்தாரல. அதான் நான் எடுத்தாந்தேன்."

"பொண்ணு குடுக்க வந்தியா?"

"இல்லண்ணா. அவ நர்ஸ் படிக்கப் போறா. நான் சாப்பிட வந்தேன்."

மாடு குடித்து முடித்ததும் வாளியை எடுத்து ஓரமாக வைத்தான். அப்புறம் உள்ளே அண்ணியைப் பார்த்து, "ஏமே, இவளுக்கும் ஒரு இலை போடு," என்றான்.