தவசிமுத்து கேட்ட பெஞ்சு

ராஜபாளையத்து நூல் மில்லில் தவசிமுத்து அண்ணாச்சியும் நானும் ஒரே ஷிப்ட். பீர் முகமது என்கிற என் பேர் அவர் வாயில் 'பீரு'தான். ஓடுகிற மிஷின் நெடுக நடந்து, அறுந்த நூலை ஒட்டுவது எங்கள் வேலை. உட்கார்ந்தால் மெமோ. இருபது வருஷத்தில் அவர் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டு கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் வருவார், பாவம்.

எண்பத்தெட்டில் புது ஆபீசர் ஒருவர் வெளியூரில் ஏதோ பயிற்சி முடித்து வந்து, 'குவாலிட்டி சர்க்கிள்' ஆரம்பித்தார். வியாழன்தோறும் ஷிப்ட் முடிந்ததும் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டும். யாரும் யாரையும் மட்டம் தட்டக் கூடாது. எல்லாம் போர்டில் ஏறும், கடைசியில் ஓட்டு. வீட்டுக்குப் போய்ச் சாய வேண்டிய நேரத்தில் யோசனையாம், யோசனை!

அண்ணாச்சிக்கு ஒரே யோசனைதான். "மிஷின் பக்கத்துல ஒரு பெஞ்சு போடுங்க சார். செத்த நேரம் இருந்து எந்திச்சா, பொறவு ஓடிருவோம்." ஆபீசர் சிரித்த முகமாகத்தான் எழுதுவார். ஓட்டுக்கு எங்கள் இரண்டு கைதான் எழும். மற்றவர்கள் ஆபீசர் முகத்தைப் பார்த்தபடி கையை மடியிலேயே வைத்திருப்பார்கள்.

ஆபீசரும் அதைக் கவனித்தார் போல. ஒரு வியாழன், "எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கை தூக்குங்க. பயப்பட வேண்டாம்" என்றார். அடப்பாவி! எண்ணுகிறவர் கண் திறந்துதானே இருக்கும்? ஓரக்கண்ணால் பார்த்தேன். பெஞ்சுக்கு மறுபடியும் இரண்டே கை. ஜெயித்தது வேறு யோசனை: கழிவுப் பஞ்சை மடியில் சேர்த்து வைக்காமல், அப்போதைக்கப்போது கோடியில் இருக்கிற பெட்டியில் போய்ப் போட வேண்டும்.

"உக்காரக் கேட்டேன். இன்னும் நடங்கிறானே பீரு" என்றார் அண்ணாச்சி.

அந்த யோசனைக்குப் பரிசு வேறு கிடைத்தது. ஷிப்டுக்கு முன்னால் மில் வாசலில் போட்டோ எடுக்க ஆபீஸ் பெஞ்சை வெளியே போட்டிருந்தார்கள். அண்ணாச்சி நேரே போய் உட்கார்ந்தார்.

"பெரியவரே, அது ஆபீசர்மாருக்கு. பின்னால நில்லுங்க" என்றார் போட்டோக்காரர். நின்றார்.

படம் எடுத்து முடிந்ததும், "பீர் முகமது, தவசிமுத்து, இதை உள்ள போட்டிருங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஆபீசர் நடந்தார். ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். பாதி வழியில், "எறக்குலே" என்றார் அண்ணாச்சி. மொட்டை வெயிலில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.

"அண்ணாச்சி, சங்கு."

"ஊதட்டும்லே. நீயும் உக்காரு."

உட்கார்ந்தேன்.