இதய வார்டுக்கு ஒரு பெயர்

நோர்பெர்ட் சிமார்ட் விற்ற சரக்குக்கு நியூயார்க்கில் குப்பைப் பத்திரம் என்று பெயர். எந்த வங்கியும் நம்பிக் கடன் கொடுக்காத கம்பெனிக்கு அவர் பத்திரம் போட்டுப் பணம் திரட்டிக் கொடுப்பார். கொள்ளை வட்டி. முதல் திரும்பி வருமா என்பது வாங்கியவர் பாடு. அவருக்குக் கமிஷன் முன்னாலேயே வந்துவிடும். மெய்ன் மாநிலத்துக் காகித ஆலையூரில் பிறந்தவர் நாற்பது வயதில் பெரும் பணக்காரர் ஆனது இப்படித்தான். கெட்டிக்காரர், சந்தேகமில்லை.

1986இல் அந்த ஊர் ஆலையையே ஒருவர் விலைக்குக் கேட்டார். நோர்பெர்ட்தான் ஆலையின் பேரிலேயே பத்திரம் போட்டுப் பணம் திரட்டினார். வியாபாரம் முடிந்ததும் அதன் விவரத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டிக்குள் பதித்து, பேரத்தை முடித்துக் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். தனக்கு வந்ததை மனிதர் அழகாகச் சுற்றி, ஆலையில் வேலை பார்த்த அண்ணன் ரோசேருக்கு அனுப்பிவைத்தார். அண்ணன் பெருமைப்படுவார் என்று நினைத்தாராம். அந்தத் தொழிலில் ஊறியவனுக்குத்தான் அப்படித் தோன்றும்.

பத்திரத்துக்கு வட்டி கட்டியே ஆலை இளைத்தது. நாலாம் வருஷம் இழுத்து மூடினார்கள். ரோசேரோடு அறுநூறு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நோர்பெர்ட் ஊருக்கு வாரி வழங்கினார். நூலகம், பள்ளிக்கூடம், ஹாக்கி மைதானம். எதுவும் மனதில் உறைக்கவில்லை, கைதட்டினால் தலையாட்டினார். கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஓர் இதய வார்டு. அதற்கு மட்டும் இறந்துபோன அம்மா அல்பெர்தினின் பெயரை வைக்க ஆசைப்பட்டார். ஆலை மூடியதிலிருந்து பேசாத அண்ணன் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி உள்ளே விட்டு, பட்டாணி சூப் ஊற்றி வைத்தாள். ரோசேர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணே, வார்டுக்கு அம்மா பேரு வைக்கலாம்னு இருக்கேன். நீ சரின்னு சொல்லணும்.”

“வேணாண்டா. உன் பேரையே போட்டுக்க.”

“எனக்காக இல்லண்ணே. அம்மாவுக்காக.”

“நெஞ்சு வலின்னு அங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு நம்ம ஆலைல இருந்தவங்க. அவங்க கண்ணுல அம்மா பேரு படக் கூடாது. அவ யாரு சோத்துலயும் மண்ணைப் போடல.”

நோர்பெர்ட் சூப்பைக் குடித்து முடித்தார். அண்ணியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். வலித்திருந்தால் தேவலை என்றிருந்தது, வலிக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி, போர்டில் என்ன பெயர் எழுதுவது என்று போனில் கேட்டாள். தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். சரிதானா என்று அவள் திரும்ப வாசித்துக் காட்டினாள். சரிதான் என்றார்.