கிணற்றுக்குள் கேட்ட தெரமின்

திருப்பரங்குன்றத்தில் ஒரு காதுகுத்து வீட்டு வேப்பமரத்தில் ஏறி, கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்து நின்ற ஆள் அண்ணாந்து, "அண்ணே, ரேடியோக் கடை வேலாயுதண்ணே தவறிட்டாரு" என்றார். மைக்செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "யாரு?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவர் கத்திச் சொன்னார். ஊருக்கே சத்தம் கொடுக்கிறவன் காதில் விழுந்த லட்சணம் அது.

அண்ணனிடம் ரேடியோ பழுது பார்க்கக் கொடுத்தவர்கள் உங்களில் பலர். கடையின் பின்னறையில் அவர் செய்து வைத்திருந்த தெரமின் என்ற மின்சார வாத்தியத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் செய்தது. ஒரு மரப்பெட்டி, மேலே நிமிர்ந்த ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு வளையம். எதையும் தொடக் கூடாது. கம்பிக்குப் பக்கத்தில் கை போனால் சுருதி ஏறும். வளையத்துக்கு மேல் கையைத் தூக்கினால் சத்தம் பெருகும். வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் அழுவதுபோல இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அவர் எத்தனை முறை விளக்கியும், ஆள் கிட்டே நின்றாலே அதற்குத் தெரிந்துவிடும் என்பது மட்டுமே மண்டையில் ஏறியது. "மாப்ள, ஒன் தொப்பை சுருதியில சேருது. ரெண்டடி தள்ளி நில்லு" என்பார். என் தொப்பைக்குக் கிடைத்த ஒரே சங்கீத மரியாதை.

அதோடு விட்டாரா? ஸ்பூல் டேப்பை வளையமாக ஒட்டி, வாசித்தது திரும்பத் திரும்ப வந்து தேயும்படி ஒரு எக்கோ பெட்டியும் செய்தார். "வாசிக்கிறது பாதிதேன் மாப்ள. திரும்பி வாரதுதேன் மீதி." நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு சத்தம் உண்டு, அதை ஒரு முழு ஸ்பூலில் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு எக்கோ பெட்டி மட்டும் பத்தாது, வறண்ட கிணறு ஒன்று வேண்டும் என்றார்.

எழுமலைக்கு அப்பால் ஒன்று கிடைத்தது. தண்ணீர் வற்றிவிட்டது, மோட்டார் ரூமில் கரண்ட் மட்டும் இருந்தது. தோட்டக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கயிற்றில் கூம்பு ஸ்பீக்கரை அடிவரை இறக்கினேன். பாதி ஆழத்தில் மைக்கைத் தொங்கவிட்டேன். உச்சிவெயில். ஒரு காக்கை இல்லை. அண்ணன் தெரமினையும் எக்கோ பெட்டியையும் இணைத்து, ரெக்கார்டரில் ஸ்பூலை ஓடவிட்டு, கையை நீட்டினார். சத்தம் கீழே போய், கொஞ்சம் தாமதித்து, வேறொன்றாக மேலே வந்தது. கிணற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்த யாரோ எழுந்து உட்கார்ந்த மாதிரி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்க்கவே இல்லை. கிணற்றுக்குள் குனிந்து, "ஏத்தா செல்வி..." என்றாள்.

அண்ணன் சட்டென்று கையை நீட்டி ரெக்கார்டரில் ஓடிய டேப்பை நிறுத்தினார்.

தண்ணீர் இருந்த காலத்தில் அவள் மகள் அதில் விழுந்து இறந்திருக்கிறாள். அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. "எம்புட்டு நாளாச்சு! இன்னிக்குத்தேன் வாயத் தொறந்திருக்கா. பசிக்குதான்னு கேளுங்கய்யா" என்று அண்ணனின் கையைப் பிடித்தாள்.

எனக்கும் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணன் காதில், "ஆமான்னு சொல்லிருவோம்ணே. மெதுவா ஒரு தடவை வாசிங்க. அந்த மனசு ஆறட்டும்" என்றேன்.

"நாளைக்கு நாம வர மாட்டோம். சத்தம் வராது. இந்த ஆத்தா உள்ள எறங்கித் தேடும்டா."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, இங்கிட்டு வா. இது நான் செஞ்ச பெட்டி. நீயே கையக் காட்டு." வளையத்துக்கு மேல் தன் கையை வைத்துக்கொண்டு, அவள் கையைக் கம்பிக்கு முன்னால் கொண்டுவந்தார். அவள் கை நடுங்கியது. கிணற்றுக்குள் அந்தச் சத்தமும் நடுங்கியது. கையை இழுத்தாள், அது அடிமண்ணுக்குள் இறங்கி அடங்கியது. மறுபடி நீட்டினாள், வந்தது.

"எங் கையா இது?"

"ஒங் கைதேன் ஆத்தா."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. வெயிலில் அப்படியே நின்று, உள்ளிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனின் கையும் வளையத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் அவள் கையை எடுத்தபோது, எக்கோ பெட்டி நான்கு முறை அந்தக் குரலைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொன்றும் முன்னதைவிட மெலிசு. நான்காவதும் தேயும்வரை காத்திருந்தாள்.

"கயித்த இழுங்கய்யா. உள்ள ஒண்ணும் விட்டுட்டுப் போகாதீக."

ஸ்பீக்கர் மேலே வரும்வரை நின்று பார்த்துவிட்டு, ஆடுகளிடம் போனாள்.

திரும்பும் வழியில் ஸ்பூலை என் மடியில் போட்டு, "நீயே வச்சுக்க மாப்ள" என்றார் அண்ணன். வெயிலின் சத்தத்தைப் பிடிக்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று அதை ஓட்டினேன். தெரமின் கொஞ்ச நேரம் அழுகிறது. "ஏத்தா செல்..." என்று தூரத்தில் ஒரு குரல், பாதிப் பெயர். அங்கே 'டக்' என்று ஒரு சத்தம். அண்ணனின் விரல் அது. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அவ்வளவுதான். அதன்பின் டேப் வெறுமையாக ஓடுகிறது. முடியும்வரை நான் நிறுத்துவதில்லை.