சித்தி செய்யாத எள்ளுருண்டை

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம் எனக்குக் கோவில்பட்டியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிக்காரர்கள். அவர்கள் பக்கத்தில் சர்ச்சில் கல்யாணம் முடிந்து வருகிறவர்களுக்கு வெண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு துண்டு கேக் கொடுப்பார்கள். அப்பாவும் கேக்தான் வாங்க நினைத்தார். ஆனால் முந்தின வருடம் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு மழையில் பஸ்ஸில் வந்த கேக், பெட்டியைத் திறந்தபோது களியாகக் குழைந்திருந்தது. அதைப் பார்த்திருந்த அம்மா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள்.

"வீட்டுலயே ஏதாவது செஞ்சிருவோம். நாலு நாள் இருந்தாலும் கெடாததா பாத்து" என்றாள்.

எள்ளுருண்டை என்று சொன்னது நான்தான். சொல்லும்போதே என் மனதில் இருந்தது என் சிநேகிதியின் கை.

எட்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு. அவள் அப்பா இறந்த பிறகு அவள் படிப்பை விட்டுவிட்டுத் தன் அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டினாள். நான் படித்து ஆரம்பப் பள்ளியில் டீச்சரானேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவோம். சபை ஒன்று. சாதி வேறு, அதனால் தெருவும் வேறு. நான் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். சொந்தக்காரர்கள் வந்திருக்கும் நாளில் மட்டும், "இன்னைக்கு அங்கன போவாண்டாம்" என்பாள். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அந்த வயதில் தோன்றியதில்லை.

நான் போய்க் கேட்டதும் அவள் சிரித்தாள்.

"ஏட்டி, கேக்கு திங்குத ஊரு ஆளுவளுக்கு எள்ளுருண்டையா? சிரிக்கப் போறாவ."

"நீ செஞ்சா சிரிக்க மாட்டாவ."

"மழைக்காலம் பாத்துக்கோ. பாகு ஒரு நூலு கூடப் போகணும். இல்லைன்னா பிசுபிசுன்னு கையில ஒட்டும்" என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

எள் பசுவந்தனையிலிருந்து வந்தது. அங்கே என் சித்திக்கு எள் விதைக்கிற காடு உண்டு. அந்த வருடம் விளைந்ததில் ஒரு மூட்டையைக் கல்யாணத்துக்கென்று கொடுத்தனுப்பியிருந்தாள். கருப்பட்டி வேம்பாரிலிருந்து வந்தது. வேலை முழுவதும் என் சிநேகிதி வீட்டில்தான் நடந்தது. எள்ளை ஊறவைத்து, சாக்கில் தேய்த்து, மண் போக ஏழெட்டுத் தண்ணீரில் அலசினாள். வெயில் முகம் காட்டவில்லை. அடுப்புக்கு மேலே கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக் கட்டி, வேட்டியை விரித்து, அதில் எள்ளைப் பரப்பி உலர்த்தினாள். பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டி, கிண்ணத்தின் ஓரத்தில் தட்டிப் பார்ப்பாள். சத்தம் வந்தால்தான் இறக்குவாள். கொதிக்கக் கொதிக்க உருட்ட வேண்டும். நானும் கையில் அரிசிமாவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு உருண்டை பிடிப்பதற்குள் என்னைத் தள்ளிவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணு கை பொத்துப்போனா மாப்பிள்ளை என்னையத்தான் வையுவாரு. நீ போய் பெட்டிய எடுத்துக் குடு."

பெட்டிகளும் அவள் யோசனைதான். கெட்டித்தாளை மடித்து, தீப்பெட்டியைப் போலவே இழுத்துத் திறக்கிற மாதிரி, ஆனால் உள்ளங்கை அளவுக்குப் பெரிய பெட்டிகள். மேலே நீலத்தாள், உள்ளே வெண்ணெய்த்தாள், இரண்டு உருண்டை. கூடு ஒட்டுகிற பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருக்கும். அது தின்கிற பொருளுக்கு ஆகாது என்று இதற்குத் தனியாக மைதாப் பசை காய்ச்சினாள். அவளும் அவள் அம்மாவும் பகல் வேலையைப் போட்டுவிட்டு மூன்று நாள் இதற்கே உட்கார்ந்தார்கள். கடைசி நாள் அவள் உள்ளங்கைகளைப் பார்த்தேன். இரண்டும் சிவந்து, விரல் நுனிகளில் கொப்புளம் இருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை பாடுததுக்குக் கை வேணாமே" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, இதே சிநேகிதி அடுக்களையில் ஒத்தாசைக்கு நின்றாள். என் மாமியாராகப் போகிறவருக்கு அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போனதும் அவர் அம்மாவிடம், "இந்தப் பிள்ள உங்க சொந்தமா?" என்று கேட்டார். அம்மா, "கூடப் படிச்ச பிள்ள" என்றாள். "எந்தத் தெரு?" என்று அவர் கேட்டார். அம்மா சொன்னாள். அவர்கள் கிளம்பிப் போகும்வரை அந்தத் தம்ளர் வைத்த இடத்தில் நிறைய அப்படியே இருந்தது. நான்தான் அதை எடுத்து, யாரும் பார்க்கும் முன் முற்றத்தில் கொட்டினேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மழை. பசுவந்தனைச் சித்தி வரவில்லை. கரிசல் பாதையில் வண்டிச்சக்கரம் அச்சுவரை இறங்கி, பாதி வழியில் திரும்பிவிட்டார்களாம். ஆராதனை முடிந்து, பள்ளிக்கூட ஹாலில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். என் சிநேகிதி பச்சைச் சேலை கட்டி, ஓலைப்பெட்டி நிறைய நீலப் பெட்டிகளை அடுக்கி, வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் பெட்டியை இழுத்துத் திறந்து, "தீப்பெட்டி, தீப்பெட்டி" என்று கூத்தாடினார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மூடியிருந்த பெட்டி என்பதாலோ என்னவோ, மாமியாரும் அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கினார். ஓர் உருண்டையை வாயில் போட்டார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. இரண்டாவதையும் போட்டுக்கொண்டார்.

"அடேயப்பா. மழை நாள்ல இப்படி மொறுமொறுன்னு யாருக்கு வரும்? யாரு செஞ்சது? உங்க அம்மாவா?" என்று என்னைக் கேட்டார்.

என் சிநேகிதி ஒரு முழம் தள்ளி நின்றாள். ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்தபடி, நான் சொல்லப்போவதற்காக, லேசாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க சித்தி, அத்தை. பசுவந்தனையில இருக்காவ. அவியதான் செஞ்சு குடுத்துவிட்டாவ" என்றேன்.

அப்படிச் சொல்லும்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மா பக்கத்தில்கூட இல்லை. யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. தயாராக நாக்கில் இருந்ததைப்போல வந்து விழுந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் மட்டும் கேட்டது.

"இன்னொரு பெட்டி எடுத்துக்கோங்கம்மா" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். கடைசிப் பெட்டிவரை கொடுத்து முடித்தாள். நான் தூத்துக்குடிக்குக் கிளம்பும்போது வழியனுப்ப வந்தவர்களில் அவள் இல்லை. மழை வலுக்கும் முன்னால் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஐப்பசியிலேயே என் நாத்தனாருக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாமியார் ஒரு வருடமாக அந்த உருண்டையை மறக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். "இவ சித்தி செஞ்சாளே, அதுமாதிரி" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

"இதுக்கும் உங்க சித்திகிட்டச் சொல்லிரு. கேக்கே வேண்டாம்" என்றார்.

நான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். எட்டயபுரம் தாண்டும்வரை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். என் சிநேகிதி வாசலில் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள். நான் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"செஞ்சு தாரேன்" என்றாள். "எத்தனை பேருக்குனாலும் தாரேன். ஆனா நானே கொண்டாந்து குடுப்பேன். யாரு செஞ்சதுன்னு உங்க அத்தை கேட்டா, நான்தான்னு நீ சொல்லணும். அது போதும்."

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவிய கொஞ்சம் பழைய ஆளு..." என்று இழுத்தேன்.

"தெரியும். அன்னைக்குத் தண்ணி குடிக்காமப் போனாவளே."

அந்தத் தம்ளரை நான் யாருக்கும் தெரியாமல் கொட்டியதாக நினைத்திருந்தேன்.

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

நான் யோசிக்கவில்லை. வீடு திரும்பி மாமியாரிடம், சித்திக்குக் கையில் வாதம், ஒன்றும் தூக்க முடியவில்லை என்றேன். "அய்யோ பாவம்" என்று அவர் அன்று ராத்திரி ஜெபத்தில் என் சித்தியின் கைக்காக ஜெபம் பண்ணினார். நான் முழங்கால் போட்டுக்கொண்டு அருகில் இருந்தேன். கேக் தூத்துக்குடி பேக்கரியிலிருந்து வந்தது.

நாத்தனார் கல்யாணத்துக்கு என் சித்தி வந்துவிட்டாள். அவளை எதிர்பார்க்கவில்லை, அம்மா அழைத்து வந்திருந்தாள். மாமியார் ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கை இப்ப எப்படி இருக்கு? போன வருசம் நீங்க செஞ்ச உருண்டைய இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்."

சித்தி விழித்தாள். "கைக்கு என்ன? நல்லாத்தான இருக்கு. நான் எங்க உருண்டை செஞ்சேன்? எள்ளு மட்டும்தான் குடுத்துவிட்டேன்."

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அடுப்படியில் என்னை உட்காரவைத்துக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பச்சைச் சேலை கட்டிக்கிட்டுக் குடுத்துட்டு வந்தாளே, அந்தப் பிள்ளையா?"

"ஆமா."

"ஏன் மறைச்ச?"

"தெரிஞ்சா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். கோபமாக ஏதாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"சாப்பிட்டிருக்க மாட்டேன்தான்" என்றார் கடைசியில். "ஆனா அது எம் பாவமாப் போயிருக்கும். நீ ஏன் அத எடுத்துத் தலையில போட்டுக்கிட்ட?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அரிசி களைய எழுந்து போனார்.

தை பிறந்ததும் கோவில்பட்டிக்குப் போனேன். இந்த முறை பஸ்ஸில் ஒத்திகை பார்க்கவில்லை. என் சிநேகிதி என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றாள்.

நின்றபடியே சொன்னேன்: அன்றைக்குப் பொய் சொன்னதை, அப்புறம் கைவாதம் என்று சொன்னதை, மாமியாருக்கு இப்போது தெரிந்துவிட்டதை. "மன்னிச்சிரு" என்றேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் பெருசா ஒண்ணும் எதிர்பாக்கல. இவதான்னு ஒரு விரல நீட்டிருந்தீங்கன்னா போதும்" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். அவள் அம்மா உள்ளே அடுப்பில் வேலையாக இருந்தாள். "அன்னைக்கு நான் நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வாரேன், அம்மை வாசல்லயே நிக்குதா. மாப்பிள்ள வீட்டுக்காரவ என்ன சொன்னாவன்னு கேட்டா. நல்லாருக்குன்னாவன்னு சொன்னேன். ஒன்னைய என்ன சொன்னாவன்னு கேட்டா. மூணு நாளா அவளும் கை வெந்துல்லா உருட்டினா? அதான், டீச்சரு என்னையக் கூப்பிட்டு அவிய மாமியாருகிட்டக் காட்டினாவ, அவிய எங் கையப் பிடிச்சுக்கிட்டாவன்னு சொல்லிட்டேன். உங்களுக்காண்டி நானும் ஒரு பொய் சொன்னேன்."

நான் எழுந்தேன். "அம்மாகிட்ட நானே உண்மையச் சொல்லிருதேன்."

அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அந்த ஒரு தடவைதான் அவள் குரலில் கோபம் வந்தது.

"சும்மா இருங்க. அவ அதைத் தெரு பூரா சொல்லிச் சந்தோசப்பட்டுட்டா. உங்க மனசு ஆறுததுக்கு அவ மனச எதுக்கு ஒடைக்கணும்?"

அதற்குள் அந்த அம்மா பேச்சுக்குரல் கேட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்துவிட்டாள். என் கன்னத்தைத் தொட்டு, இளைத்துப்போய்விட்டாய் என்று குறைப்பட்டாள்.

"உங்க மாமியாரு சொகமா இருக்காவளா தாயி? எம் மவ கையப் பிடிச்சுக்கிட்டாவளே, நல்ல மனுசி. அந்த உருண்டைய இன்னும் நினைக்காவளா?"

என் சிநேகிதி தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கூட்டை மடித்துக் கீழே வைத்தாள், அடுத்ததை எடுத்தாள்.

"நினைக்காவ. அடிக்கடி சொல்லுவாவ" என்றேன்.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். கம்பஞ்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கல்யாண நாளை எனக்கே தெரியாததுபோல முதலிலிருந்து விவரமாகச் சொன்னாள். மழை, பச்சைச் சேலை, என் மாமியார் அவள் மகளை அருகில் அழைத்தது எல்லாம் அதில் இருந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.